இரண்டு மரை குறைச்சல்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஸ்பேனரை எப்படிப் பிடிப்பது, டேப்பட் இடைவெளி எவ்வளவு வைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகம் என்னைவிடப் பொறுமையானது, பத்துத் தடவை கேட்டாலும் எரிந்து விழாது. நான் எரிந்து விழுவேன் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

விரல் நீளம்கூட இல்லாத ஒரு சாமானைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ராக்கர் ஸ்டட். இஞ்சின் ஹெட்டின் மேலே உட்கார்ந்து வால்வை அமுக்கி அமுக்கி விடுகிறதே ராக்கர், அதன் பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதுதான். கீழ் முனை ஹெட்டுக்குள் திருகு மரையில் இறங்கியிருக்கும். மேல் முனையில் நட்டு. ஒழுங்காக இருக்கிறவரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. உடைந்த அன்றைக்குத்தான் அதன் பெயரைக் கேட்பார்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்விடுகிற புத்தி எனக்கு. இஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றால் அரை மணி நேரம் போவது தெரியாது. 'மேஸ்திரி கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறாரு' என்று பட்டறையில் கேலி செய்வார்கள். நான் தூங்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் எனக்கு ஒரு ஊர் இருந்தது, அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். இந்தப் புத்தியால் பட்ட கெடுதல் நிறைய. ஒரே ஒரு தடவை அதுவே என்னை உலுக்கி எழுப்பியதும் உண்டு.

எழுபதுகளின் கடைசியில், பெரம்பலூரில் சொந்தமாகப் பட்டறை போடுவதற்கு முன், ரெட்டிபாளையம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கு வேலை பார்த்தேன். அங்கே எல்லாமே வெள்ளை. ரோடு வெள்ளை, வேப்பமரம் வெள்ளை, டிரைவர்களின் புருவம் வெள்ளை. வெயில் ஏறிவிட்டால் லாரி வருவது கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து முதலில் ஒரு முனகல் வரும், அப்புறம் கண்ணாடி மினுங்கும், அதற்கப்புறம்தான் லாரி. உடைத்துப் போட்ட கல்லைப் புரட்டினால் உள்ளே சிப்பி சிப்பியாகப் படிந்திருக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டு லாரி நிழலில் சாய்ந்தால் நான் அந்தக் கடலுக்கு அடியில் படுத்திருப்பேன். தலைக்கு மேலே மீன்கள் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். யாராவது வந்து காலைத் தட்டி எழுப்புவார்கள்.

அந்த லாரிகளில் ஒன்று திரும்பத் திரும்ப ராக்கர் ஸ்டட்டை உடைத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. அரியலூரில் ஒரு லேத்காரர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். கழித்துப்போட்ட ஆக்சில் துண்டு ஒன்றை அவரிடம் கொண்டுபோய், "இதுல கடைஞ்சு குடுங்கண்ணே. இனிமே உடையவே கூடாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைந்து கொடுத்தார். ஸ்டட் உடையவில்லை. ஒரு மாதம் கழித்து ஹெட் பிளந்தது.

பிளந்த ஹெட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போனேன். ஸ்டட் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. அவர் அதைச் சுண்டிப் பார்த்தார்.

"நீங்க உடையாத ஸ்டட்டு கேட்டீங்க. உடையுற வேலையை அது ஹெட்டுக்குக் குடுத்துடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். பிரித்துப் பார்த்தால் ஒரு வால்வின் தண்டு வளைந்து சிக்கிக்கொண்டிருந்தது. ஸ்டட் உடைந்து உடைந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். அன்றிலிருந்து பழைய ஸ்டட் என்ன இரும்போ அதே இரும்பில்தான் புதியதைப் போடுவேன், பழையது ஏன் போனது என்று கேட்காமல் கை வைக்கமாட்டேன். இந்த இரண்டு பாடத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் பாடாலூரில் அடுத்த தப்பைச் செய்தேன்.

எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, மாசி மாதம். பெரம்பலூரில் என் பட்டறைக்குக் காலையில் ஒரு பெண் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தாண்டியிருக்காது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு இரும்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். நட்டோடு சேர்ந்து முறிந்த ராக்கர் ஸ்டட்டின் மேல் பாதி.

"எங்க இஞ்சின்லேருந்து தெறிச்சு வுழுந்துச்சுங்க. அதோட நின்னுபோச்சு."

பெயர் அஞ்சலை. பாடாலூரிலிருந்து உள்ளே நடக்கிற தூரத்தில் ஊர். அவரும் வீட்டுக்காரரும் சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்த வருஷம்தான் முதல் முதலாகக் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தார்கள். நிலமும் கிணறும் கிணற்றில் இருந்த டீசல் இஞ்சினும் பெரம்பலூரில் குடியிருந்த ஒரு கணக்கு வாத்தியாருடையது. சின்ன வெங்காயம் போட்டிருந்தார்கள்.

"வெங்காயம் தெரளுற நேரமுங்க. தண்ணி காட்டி அஞ்சு நாளாச்சு. இன்னைக்குப் பாயலன்னா அப்படியே சிறுத்துப் போயிடும்."

"வாத்தியார்கிட்ட சொல்லியாச்சாம்மா?"

"இல்லீங்க. இஞ்சினு எங்க கையில கெட்டுதுன்னா நெலத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு சொல்லித்தான் வுட்டாரு. அவரு காதுக்குப் போறதுக்குள்ள ஓட வச்சிடணும். வூட்டுக்காரரு அங்கியே கெணத்தடியில உக்காந்திருக்காரு."

அவர் குரலில் அழுகை இல்லை. பஸ் நேரம் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் என்னவோ செய்தது. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, ஸ்டட் வைத்திருந்த டப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டு அவரோடு பாடாலூர் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தக் கிணற்றை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம். பாறையை வெட்டிச் சதுரமாக இறக்கிய பெரிய கிணறு. தண்ணீர் ஆழத்தில் கிடந்ததால் மேலே இஞ்சினை வைத்தால் உறிஞ்சாது. பாதிக் கிணற்றில் ஒரு மேடை கட்டி இஞ்சினை அதில் இறக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அப்போது அப்படித்தான். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் கற்களைப் பிடித்து இறங்க வேண்டும். மேலே வெயில் கொளுத்துகிறது, நாலு படி இறங்கினால் குளிர், எட்டுப் படி இறங்கினால் பச்சை வெளிச்சம். கல் இடுக்குகளில் புறாக்கள் தொண்டைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தன. ஒரு ஸ்பேனரைக் கீழே வைத்தால் அந்த ஓசை கிணற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுக்கே திரும்பி வந்தது. அடியில் ஒரு துண்டு வானம் ஆடாமல் கிடந்தது. ரெட்டிபாளையத்துக் கடலுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அந்த இடம் அவ்வளவு பிடித்துப்போனதுதான் வினை. வேலை செய்தது என் கை மட்டும்தான்.

ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த பாதி ஸ்டட்டை எடுத்த கதையை விடுங்கள். மண்ணெண்ணெயும் பொறுமையும் இருந்தால் எதுவும் வந்துவிடும். வந்தது. அதன் கீழ் நுனியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், மிச்சத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தேன், போய்விட்டது. எங்கள் பக்கத்து மெக்கானிக் யாரும் அதைத்தான் செய்திருப்பான். இங்கே வெள்ளையைப் பார்த்தால் கேள்வி கேட்கிற வழக்கமே கிடையாது. லாரியில் வெள்ளை, சட்டையில் வெள்ளை, சோற்று மூட்டையில் வெள்ளை. பார்த்தால் துடைப்போம், அவ்வளவுதான்.

டப்பாவில் இரண்டு ஸ்டட் பொருந்துகிற மாதிரி இருந்தது. ஒன்று அதே வகை இஞ்சினில் கழித்த ஹெட்டிலிருந்து எடுத்தது. கறுத்துப்போய், பார்க்கவே சகிக்காது, ஆனால் மரை நன்றாக இருந்தது. இன்னொன்று திருச்சியில் கடையில் வாங்கிய புதுசு. பளபளவென்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதுசில் ஹெட்டுக்குள் இறங்குகிற பக்கம் இரண்டு மரை குறைவு. பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தெரியாமல் போட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. 'ரெண்டு மரைதானே' என்று மனசு சொன்னது. அரத்தால் லேசாக உரசி இரும்பு சரியான இரும்புதான் என்று பார்த்துக்கொண்டேன். பழையது ஏன் போனது என்றும் கேட்டேன். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடுகிற டேப்பட் இடைவெளி கூடிப்போய், ராக்கர் அடித்து அடித்து முறிந்திருந்தது. அதையும் சரிசெய்தேன். படித்த பாடம் இரண்டையும் ஒழுங்காக ஒப்பித்தேன். படிக்காத மூன்றாவதைத்தான் விட்டேன்.

இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கிணறு முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது, புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி மேலே போயின. நான் ஏறி வருவதற்குள் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலையின் கணவர் பொன்னுசாமி மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக மடையைத் திறந்துவிட்டபடி ஓடினார். காய்ந்து வெடித்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சும்மா சொல்லவில்லை, கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழக்கம்போல் எங்கேயோ போய்விட்டேன். எதிரே ஒரு கல் லாரி போனது, அதன் தூசி ஜன்னல் வழியாக வந்து என் மடியிலும் கையிலும் படிந்தது. ஊதினேன். பறந்துபோனது. ஆனால் கட்டைவிரல் நகக்கண்ணில் இருந்த வெள்ளை மட்டும் போகவில்லை. மறுபடியும் ஊதினேன். அப்படியே இருந்தது. அரைத் தூக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பி படிந்த கல் ஞாபகம் வந்தது. அந்த வெள்ளையைக் கொண்டுவந்து போட்டது கடல் என்று நினைத்துக்கொண்டேன். காற்று கொண்டுவந்த வெள்ளை ஊதினால் போகிறது, தண்ணீர் படியவைத்த வெள்ளையைச் சுரண்டினால்தான் போகும்.

நான் அதைச் சுரண்டித்தான் எடுத்தேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்டட்டின் கீழ் நுனி ஹெட்டுக்குள் அடைந்து கிடப்பது. வெளித்தூசி அங்கே போக வழியே இல்லை. அங்கே வெள்ளை படிந்திருக்கிறது என்றால் தண்ணீர் போயிருக்கிறது. ஹெட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் அறை அந்தத் துளைக்கு நேர் கீழேதான் இருக்கிறது. நடுவில் ஒரு மெல்லிய சுவர். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் வருஷக்கணக்காக அந்தச் சுவரைத் தின்றிருக்கிறது. துளைக்கு அடியில்லை. பழைய ஸ்டட் தன் முழு நீளத்துக்கும் இறங்கி, உப்பும் துருவும் பூசிக்கொண்டு, பாட்டிலுக்குக் கார்க் மாதிரி அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் கார்க்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு மரை குட்டையானதை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். முந்தின நாளே இஞ்சின் நின்றுபோனதால் தண்ணீரெல்லாம் வடிந்து துளை காய்ந்து கிடந்தது, அதனால் எனக்குத் தெரியவில்லை. இப்போது இஞ்சின் ஓடுகிறது. தண்ணீர் மரை வழியாக ஏறி, மேலிருந்து கீழே இறங்கி, ஆயிலோடு கலக்கும். ஆயில் கெட்டால் பேரிங் போகும். பேரிங் போனால் இஞ்சின் இறுகி நிற்கும். அப்புறம் அந்த நிலம்.

சிறுவாச்சூரில் குதித்தேன். எதிர்ப் பக்கம் பஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை. வந்த லாரிக்கெல்லாம் கையைக் காட்டினேன். நாலாவதோ ஐந்தாவதோ நிறுத்தியது. பாடாலூரில் இறங்கி வயல் வழியாக ஓடும்போது காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். இஞ்சின் சத்தம் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

கிணற்றடியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அஞ்சலை, பொன்னுசாமி, சைக்கிளைப் பிடித்தபடி வெள்ளை வேட்டியில் ஒருவர். அவர்தான் வாத்தியார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இஞ்சின் சத்தம் மோசமானதும் அஞ்சலை இறங்கி நிறுத்தியிருக்கிறார். நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த வாத்தியார் சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

"நீங்கதான் மெக்கானிக்கா? எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

இறங்கினேன். ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். கறுப்பாக வரவேண்டியது மோர் மாதிரி வந்தது. கையால் சுற்றிப் பார்த்தேன், கனமாகச் சுற்றியது, ஆனால் சுற்றியது. பேரிங் இன்னும் போகவில்லை. மேடையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் பார்த்த அதே பச்சை வெளிச்சம், அதே துண்டு வானம். உங்களுக்கு உண்மையைச் சொல்வதாக எழுத ஆரம்பித்திருப்பதால் சொல்கிறேன்: எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. மேலே ஏறினால் ஒரு பதில் சொல்ல வேண்டும். பழைய இஞ்சின், கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்லலாம். நம்புவார். குட்டை ஸ்டட்டைப் பற்றி அந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன்.

மேலே ஏறியதும் வாத்தியார் கேட்டார்: "சொல்லுங்க. ஓட்டத் தெரியாம ஓட்டினதாலதானே?"

"பாக்கணும் சார்" என்றேன்.

நம் தொழிலில் இதைவிடக் கோழைத்தனமான பேச்சு கிடையாது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள், இல்லாவிட்டால் சொல்லப்போகிறீர்கள். பார்த்தாகிவிட்டது, தெரிந்தும்விட்டது, ஆனாலும் பார்க்கணும்.

அப்போது அஞ்சலை முன்னால் வந்தார். "என் தப்புங்கய்யா. சத்தம் மாறினப்பவே நிறுத்தியிருக்கணும். ரெண்டு பாத்தி பாக்கி இருந்துச்சு. அது பாயட்டும்னு வுட்டுட்டேன்."

வாத்தியார் கத்தவில்லை. பொன்னுசாமி பக்கம் திரும்பினார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல பொன்னுசாமி? இந்த வெங்காயத்தை எடுத்துக்கங்க. எடுத்துட்டு நெலத்தை விட்டுடுங்க."

பொன்னுசாமி குனிந்தார். கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். யாரோ தூங்குகிற இடத்தில் வைப்பது போல, சத்தம் வராமல் வைத்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் நிற்க முடியவில்லை.

"சார், அவங்க மேல தப்பில்ல. நான் போட்ட ஸ்டட்டு தப்பு. குட்டையா இருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"ரெண்டு மரைதானேன்னு நெனச்சேன் சார்."

"ரெண்டுதானேன்னு சொல்ற பசங்களைத்தான் நான் வருஷா வருஷம் பெயிலாக்கிக்கிட்டிருக்கேன்" என்றார் வாத்தியார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். "சரி. இவங்க இருக்கட்டும். நீங்க அதைச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போயிடுங்க. அதுக்கப்புறம் என் கெணத்துல நீங்க கை வைக்க வேண்டாம்."

அன்று வெளிச்சம் இருக்கும்போதே ஹெட்டைக் கழற்றி மேலேற்றிவிட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்குப் போனேன். லேத்காரர் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவித் துளைக்குள் விட்டார். அது அடியில் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. குச்சியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். ஹெட்டுக்குள் போகிற கால் மட்டும் தடிமனாக, அந்தத் துளைக்கு என்றே ஒரு ஸ்டட் கடைந்தார். தேய்ந்த துளைக்கும் பெரிதாகப் புது மரை வெட்டினார். அதிலிருந்து இன்றுவரை, எந்த ஹெட்டில் ஸ்டட் மாற்றினாலும், புதியதைத் தேடுவதற்கு முன் ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்ப்பேன். முட்டுகிறதா, முட்டினால் எவ்வளவு ஆழம், முட்டாவிட்டால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது. தண்ணீர் கசியாமலிருக்க மரைக்கு ஷெல்லாக் பசை பூசுவதா, நீளம் எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். கடையில் நூறு ஸ்டட் இருக்கும். எது வேண்டும் என்று துளைதான் சொல்ல வேண்டும்.

மத்தியானம் கிணற்றுக்குத் திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தேன். கெட்ட ஆயிலை வடித்து, உள்ளே துடைத்து, பேரிங்கைப் பார்த்தேன். கீறல் விழுந்திருந்தது, தப்பித்துவிட்டது. நான் மேடையில் உட்கார்ந்து வேலை பார்க்க, அஞ்சலை என்னைத் தாண்டிக் குடத்தோடு கீழே இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். முந்தின நாள் பாயாமல் நின்றுபோன அந்த இரண்டு பாத்திக்கும் கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எத்தனை குடம் என்று தெரியவில்லை. ஈரக் காலடி படிகளில் காயவே இல்லை.

வாத்தியார் சொன்ன சொல் தவறாதவர். அஞ்சலையும் பொன்னுசாமியும் அந்த நிலத்தில் பல வருஷம் இருந்தார்கள், திருச்சி போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து அந்தத் திசையைப் பார்ப்பேன். என்னை அவர் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. அவரைப் பார்த்துப் பாடாலூர்ப் பக்கம் வேறு யாரும் கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. உண்மையைச் சொன்னவன் என்கிற பெருமை. அதைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் வைத்திருக்க அந்த அம்மா விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டட்டை இறக்கி முறுக்கிக்கொண்டிருந்தேன். அஞ்சலை குடத்தை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். நான் கேட்டேன்.

"ஏம்மா, நேத்து நீ ஏன் உன் தப்புன்னு சொன்னே? நான் வாயத் தொறக்கலன்னா நெலம் போயிருக்குமே."

அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பஸ்ஸுக்குப் போன கொஞ்ச நேரத்துலயே இந்த மூடி ஓரத்துல வெள்ளையா நுரை கட்டுச்சுங்க. அதுக்கு முன்னாடி ஒருநாளும் அப்படி வந்ததில்ல. நீங்க கை வச்ச எடந்தான்னு எனக்கு அப்பவே தெரியும்."

என் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? மேஸ்திரி தப்புன்னு அய்யாகிட்ட சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டுப் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் இஞ்சினை யாரு பிரிக்கிறது? வேற மெக்கானிக்குக்கு நாங்க எங்க போறது? அய்யா கோவப்பட்டா நெலம் அறுப்புக்கு அப்புறந்தான் போவும். தண்ணி இன்னைக்கு வேணும்ல."

குறை சொல்கிற குரலே இல்லை. பட்டறையில் பஸ் நேரம் சொல்வது போல் சொன்னாரே, அதே குரல். குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு படியேறிப் போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எழுதும்போதும் இருக்கிறது. என்னை எடைபோட்டு, இவன் போய்விடுவான் என்று கணக்குப் பண்ணி, அதற்குத் தன் நிலத்தையே வைத்திருக்கிறார். அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 'பாக்கணும் சார்' என்று அவர் முன்னால்தான் சொன்னேன்.

ஆகவே இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இஞ்சினைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு நீங்கள் செய்த தப்பு தெரிந்தே இருக்கும். வாய் திறக்கமாட்டார்கள். வணக்கம் சொல்வார்கள், டீ வாங்கித் தருவார்கள், தன் தப்புதான் என்றுகூடச் சொல்வார்கள். அவர்களுக்கு இஞ்சின் ஓட வேண்டும்.